ஏழரைச் சுற்று

கல் ஏழும் உள்ளங்கையில் சுட்டன. நீளம் தாண்டுகிற குழி ஓரத்தில் உச்சி வெயிலில் கிடந்ததைப் பொறுக்கினால் சுடாமல் என்ன செய்யும். மண்ணைத் தட்டி, எண்ணி, நம்பிக்கையில்லாமல் இன்னொரு தடவையும் எண்ணி, சண்முகக்கனி அவற்றை இடது கைக்குள் மூடிக்கொண்டாள். வலது கையில் கட்டை. முன்னால் இரும்புச் சட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பித்தளைத் தட்டு, கடைசிச் சுற்றுக்கு அடிக்கிற மணி. மண்டலத் தடகளப் போட்டி, பெண்கள் மூவாயிரம் மீட்டர், மணி: சண்முகக்கனி, உடற்கல்வி ஆசிரியை. காலையில் அந்தத் தாளை ஒட்டினபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. உயரம் தாண்டுகிற இடத்தில் விழுகிற கம்பியைத் தூக்கி வைக்கப் போட்டிருப்பார்கள் என்று நினைத்து வந்தவள். போட்டிச் செயலர் அருள்ராஜிடம் போய்க் கேட்டதற்கு, "சுத்து நம்பர் அட்டையை எல்லாம் எலி தின்னுட்டு டீச்சர், மணி மட்டுந்தான் இருக்கு, பாத்து அடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் கத்தப் போய்விட்டார். எண்ணுவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்று விதி. அந்த இரண்டாவது ஆள் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பிரியாணிப் பொட்டலம் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனவர், போனவர்தான். ஆக மொத்தக் கணக்கும் இப்போது இவள் இடது கைக்குள். கேட்டா கிடைக்குமா இப்படி ஒரு நாள். கேட்காமலே கொடுத்திருக்கிறான் கடவுள், அதுவும் இருபத்திரண்டு வருஷம் கழித்து, அதே கரிசல் மைதானத்தில், அதே தட்டை. விளிம்பில் அந்த நெளிசல் கூட அப்படியே இருக்கிறது. இதே தட்டில்தான் அந்த ஆள் அன்றைக்கு அடித்தார். அந்த ஆள் அதோ எதிர்ப்பக்கம் நிற்கிறார்.

தவசிமுத்து சார். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் விசில், தொந்தி. வருகிற மே மாதத்தோடு ஓய்வு, இதுதான் கடைசி மீட் என்று காலையிலிருந்து ஆளாளுக்குத் துண்டு போர்த்துகிறார்கள். போர்த்தட்டும். அவருக்குப் பக்கத்தில் ஓட்டம் தொடங்குகிற கோட்டில் பதினோரு பெண் பிள்ளைகள். அதில் இருநூற்றுப் பதினாலாம் எண் அவர் பயிற்சி கொடுக்கிற பிள்ளை, நல்லாங்குளம் பள்ளி, பெயர் ஆதிலட்சுமி, வெறுங்கால், வலது பெருவிரலில் பிளாஸ்திரி. பெயர் கூப்பிடுகிற இடத்தில் இவள் பக்கத்தில் நிற்கும்போதுதான் அந்த ஆள் பிள்ளையிடம் சொன்னார், காதில் நல்லாவே விழுந்தது. "சுத்தை எண்ணாத. எண்ணுனா மூச்சு கெட்டுரும். மணி விழற வரைக்கும் ஒண்ணும் நெனைக்காத, மணி விழுந்ததும் இருக்கிறதை எல்லாம் கொடுத்துரு. மணியை மட்டும் நம்பு, என்ன?" அந்தப் பிள்ளையும் சரி சார் என்றது. மணியை மட்டும் நம்பு. யார் சொல்வது பாருங்கள். வாய் கூசவில்லையே. சொல்லிவிட்டு இவளைத் திரும்பிப் பார்த்து ஒரு தலையசைப்பு வேறு. இவளும் பதிலுக்குத் தலையை ஆட்டிவிட்டாள், அதுதான் இப்போது நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது. பழக்கதோஷத்தில் ஆடின தலை. சார் என்றால் ஆடும்.

தொடங்குகிற கோட்டில் கட்டை தட்டினார்கள், கிளம்பிவிட்டார்கள். மூவாயிரம் என்றால் ஏழரைச் சுற்று. அந்த அரையில்தான் எல்லாச் சனியனும் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் தொடங்கி இந்தக் கோட்டுக்கு முதல் தடவை வரும்போது ஓடியிருப்பது பாதிச் சுற்று. அதைச் சேர்த்து எண்ணக் கூடாது. இன்னும் முழுசாய் ஏழு இருக்கிறது. மணிக்கு நிற்கிற யாரும் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான். வந்தார்கள், மொத்தமாய் ஒரு கொத்தாய், முழங்கைகள் இடித்துக்கொண்டு, போனார்கள். கல் எதையும் போடவில்லை. ஏழு. இனிமேல் முதல் ஆள் கோட்டைத் தாண்டத் தாண்ட ஒவ்வொன்று கீழே விழும். கையில் ஒரு கல் மிச்சமிருக்கும்போது மணி. அது மற்றவர்கள் கணக்கு. சண்முகக்கனி கணக்கில் இன்றைக்கு இரண்டு கல் மிச்சமிருக்கும்போது மணி. ஒரே ஒரு சுற்று முன்னால். யாருக்கும் ஒன்றும் தெரியாது. அரைச் சுற்றைச் சேர்த்துட்டேன் சார், வெயிலு, கண்ணைக் கட்டிருச்சு, மன்னிச்சிருங்க. அவ்வளவுதான். அந்த ஆள் அன்றைக்கு அதைக்கூடச் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை வந்தபோது கொத்து நூலாய் நீண்டிருந்தது. ஷூ போட்ட ஒரு உயரமான பிள்ளை முதலில், அதற்கு ஒட்டினாற்போல ஆதிலட்சுமி, பின்னாடி சிவப்புப் பனியன். ஒரு கல் விழுந்தது. ஆறு. அந்தப் பிள்ளை ஓட்டம் நல்லாத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. தோள் ஆடவில்லை, குதிகால் தரையில் பாவவே இல்லை. இவளும் அப்படித்தான் ஓடினாள். அப்போது எடை நாற்பத்தொன்று. ஷூ கிடையாது. காலையில் வேப்பங்குச்சியால் பல்லை விளக்கிக்கொண்டே ரயில் பாதை ஓரமாய் ஐந்து மைல், யாரும் சொல்லிக் கொடுக்காத ஓட்டம். அந்த வருஷம் மண்டலத்தில் இவளை ஜெயிக்க ஆளே இல்லை என்று பத்திரிகைக்காரர் ஒருவர் முந்தின நாளே போட்டோ எடுத்து வைத்திருந்தார். முதல் இரண்டு பேருக்கு மாநிலம். மாநிலத்தில் ஓடினால் சென்னையில் விளையாட்டு விடுதி, காலேஜ், அதற்குப் பிறகு கோட்டாவில் வேலை. வீட்டில் இரண்டு மாசமாய் இதே பேச்சு. அப்பா தீப்பெட்டி ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார், அவர் லீவு போட்டு யாரும் பார்த்ததில்லை. ஷூ போட்ட பிள்ளை மூச்சு கேட்கிறது, ஆதிலட்சுமி மூச்சு கேட்கவில்லை. கல் விழுந்தது. ஐந்து. எதிர்ப்பக்கத்தில் அந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. ரொம்ப நல்லவர் மாதிரி.

அன்றைக்கும் அப்படித்தான் நின்றார், இந்த இடத்தில், இந்தத் தட்டுக்கு முன்னால். மணி விழுந்தது. கடைசிச் சுற்று என்று இவள் நினைத்தாள், எல்லாருமே நினைத்தார்கள். மணி விழுந்தால் கடைசி, அதில் என்ன சந்தேகம். இருக்கிறதை எல்லாம் எடுத்துப் போட்டாள், வயிற்றிலிருந்து, முதுகுத்தண்டிலிருந்து, எங்கெங்கே ஒளித்து வைத்திருந்தாளோ அத்தனையும். எண்பது மீட்டர் முன்னால் வந்தாள். கோட்டைத் தாண்டி விழுந்தாள். அப்பா கயிற்றுக்குள் நுழைந்து ஓடி வந்து தூக்கினார், யாரோ பன்னீர் சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தார்கள், அந்தக் கோலி உள்ளே இறங்குகிற சத்தம் கூட இப்போதும் காதில் இருக்கிறது. குடித்தாள், முழு பாட்டிலும். அப்போதுதான் நேரம் பார்க்கிறவர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். பத்தே கால் நிமிஷமா, இந்த மண்ணுலயா, வெறுங்காலுலயா, ஏதோ தப்பு இருக்குல்லா என்றார். கால்கள் தடதடவென்று பக்கத்தில் போயின, புழுதி மூக்கில் ஏறியது, அதே கரிசல் புழுதிதான், பன்னீர் வாசனையும் புழுதியும் கலந்தது, இன்னைக்கு வரைக்கும் பன்னீர் சோடா என்றால் குமட்டும். இன்னும் ஒரு சுத்து இருக்கு, ஓடு ஓடு என்று யாரோ கத்தினார்கள். எழுந்தாள். எழுந்து ஓடினாள் அய்யா, அதைத்தான் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். இரண்டாவது வளைவில் அந்தச் சோடா அப்படியே வெளியே வந்தது. ஒருத்தி தாண்டினாள், இன்னொருத்தி தாண்டினாள், மூன்றாவதாய்த் தாண்டினவள் பெல்சியா. நாலாவது. பத்திரிகைக்காரர் போட்டோவைப் போடவே இல்லை.

பெல்சியா யார். நல்லாங்குளம் பள்ளி. தவசிமுத்து சாரின் பிள்ளை. மூன்றாவதாய்ப் போய் இவளைத் தாண்டினவள் அப்படியே முன்னால் ஓடிக் கடைசி நூறு மீட்டரில் முதலாய் வந்தாள். இதுதான் விஷயம். மணி விழுந்தபோது அவள் மட்டும் வேகம் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? எல்லாரும் பறந்தார்கள், அவ ஏன் ஓடல? இருபத்திரண்டு வருஷமாய் இந்த ஒரு கேள்விதான். பாத்திரம் விளக்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, பிரசவ வலியில் கூட ஒரு தடவை, அவ ஏன் ஓடல. பதில் ஒன்றுதான். அவளுக்கு முன்னாலேயே தெரியும். சார் சொல்லி வைத்திருந்தார், மணியை நான் முன்னால அடிப்பேன், நீ ஓடாத. பெல்சியா இப்போது ரயில்வேயில் இருக்கிறாள், குண்டாகிவிட்டாள், கல்யாண வீட்டில் பார்த்தால் "கனி, நல்லாருக்கியா?" என்பாள். இவள் மூன்று வருஷம் தீப்பெட்டி ஆபீசில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கிவிட்டு, அப்புறம் கெஞ்சிக் கூத்தாடி உடற்கல்வி படித்து, இன்றைக்கும் தற்காலிக ஆசிரியை. அப்பா அதற்கப்புறம் மைதானத்துப் பக்கமே வரவில்லை. நான் சோடாவைக் குடுத்திருக்கக் கூடாது தாயி என்று சாகிற வரைக்கும் சொன்னார். சோடா கொடுத்தது யாரோ. அவர் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதற்கும் சேர்த்துத்தான் இன்றைக்கு.

வருகிறார்கள். கல் விழுந்தது. நாலு. ஆதிலட்சுமி இப்போது முதலில். பிளாஸ்திரி பிய்ந்து விரலில் தொங்குகிறது, கரிசல் மண் ஒட்டி விரலே கறுப்பாய் இருக்கிறது. அந்தப் பிள்ளை இவளைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தது. ஒரு கணம்தான். மணி எப்ப விழும் என்று கேட்கிற பார்வை.  அட, அந்தப் பிள்ளை என்ன செய்தது? அது பிறக்கவே இல்லை அப்போது. அதற்கும் வீட்டில் யாரோ லீவு போட்டு வந்திருப்பார்கள், அதோ கயிற்றுக்கு வெளியே மஞ்சள் சேலையில் ஒரு பொம்பளை இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்கிறாளே, அவளாய்க் கூட இருக்கலாம். இருக்கட்டுமே. எனக்கு மட்டும் யார் பார்த்தார்கள்? நான் என்ன செய்தேன், பதினேழு வயசில்? அந்த ஆளை வேறு எங்கே போய்த் தொட முடியும் சொல்லுங்கள். பணத்தில் தொட முடியாது, பதவியில் தொட முடியாது, மே மாசம் மாலையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவருக்கு வலிக்கிற இடம் இந்த மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, கறுத்த விரலோடு. கடைசி மீட்டில், கண்ணுக்கு முன்னால், தன் பிள்ளை கோட்டில் விழுந்து எழுந்து தள்ளாடுவதை அந்த ஆள் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பி என்னைப் பார்க்க வேண்டும். அப்போது நான் தலையாட்டுவேன். அவர் ஆட்டினாரே, அதே மாதிரி.

மூன்று. கல் விழுந்த சத்தம் கேட்டது. கை வேர்த்திருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை வரட்டும். கட்டையை இறுக்கிப் பிடித்தாள். பிரியாணிப் பொட்டலக்காரர் இப்போது வந்து தொலைத்துவிடக் கூடாது. வரவில்லை. நேரம் பார்க்கிறவர்கள் மூன்று பேரும் படி மேடையில் உட்கார்ந்து யாரோ சொன்ன பேச்சுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், மணி கேட்டால்தான் எழுந்திருப்பார்கள். வேண்டாம் என்று உள்ளே ஒரு குரல் சொல்கிறதா என்று கேட்டுப் பார்த்தாள். இல்லை. அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பொம்பளை என்று பேர் வாங்கிக் கிழித்தது போதும். எதிர் வளைவில் ஆதிலட்சுமி திரும்பினாள், ஷூ போட்ட பிள்ளை நாலு அடி பின்னால், சிவப்புப் பனியன் இன்னும் பின்னால். வருகிறார்கள், வருகிறார்கள். கல்லைப் போட்டாள். இரண்டு. ஓங்கி அடித்தாள். தட்டு மைதானம் முழுக்க அலறியது, கை தோள்பட்டை வரை அதிர்ந்தது, இன்னொரு அடி, இன்னொரு அடி, நிறுத்த முடியவில்லை. ஆதிலட்சுமி ஒரு தடவை வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டுக் கிளம்பினாள். எங்கிருந்து எடுத்தாள் என்று தெரியவில்லை. குதிகால் மறுபடி தூக்கிவிட்டது. கொடு, எல்லாத்தையும் கொடு, எங்கெங்கே ஒளித்து வைத்திருக்கிறாயோ அத்தனையும் கொடு. சண்முகக்கனியின் முகம் சிரிக்கிறதா அழுகிறதா என்று அவளுக்கே தெரியாத ஒரு முகமாய் இருந்தது. ஷூ போட்ட பிள்ளையும் பறந்தது. சிவப்புப் பனியன் மட்டும் பறக்கவில்லை. மணி கேட்டது, தலை கூடத் திரும்பியது, ஆனால் அதே ஓட்டம், அதே வேகம், வாயில் எச்சில் வழிய. அதற்கு யார் சைகை காட்டினார்கள்? ஒருத்தரும் காட்டவில்லை. அதன் வாத்தியார் பந்தல் நிழலில் போன் பேசிக்கொண்டிருக்கிறார். அந்தப் பிள்ளையிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை, அதனால் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சண்முகக்கனி அந்தச் சிவப்புப் பனியனிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் வளைவு வரைக்கும் பார்த்தாள். இருக்காது, பெல்சியா கதை வேறு, இது வேறு என்று சொல்லிக்கொண்டாள். இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள்.

நாடா பிடித்துவிட்டார்கள். நேரம் பார்க்கிறவர்கள் எழுந்து வரிசையாய் நின்றார்கள். மஞ்சள் சேலைக்காரி கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆதிலட்சுமி நேர்கோட்டுக்கு வந்தபோது பின்னால் நாற்பது மீட்டருக்கு ஆள் இல்லை. நெஞ்சில் நாடா அறுந்தது, நாலு அடி போய் முழங்காலில் விழுந்தாள், கரிசலில் நெற்றியை வைத்துக் கிடந்தாள். சண்முகக்கனி பழக்கத்தில் ஒரு கல்லைக் கீழே போட்டாள். ஒன்று மிச்சம். இன்னும் ஒரு சுற்று. இப்போது சொல்வார்கள். கடிகாரத்தைக் காதில் வைப்பார்கள். ஏதோ தப்பு இருக்குல்லா என்பார்கள். அவள் காத்திருந்தாள். நேரம் பார்க்கிறவர் கடிகாரத்தைப் பார்த்தார், பக்கத்தில் இருப்பவருடையதையும் எட்டிப் பார்த்தார். "பதினொண்ணு நாப்பத்தாறு. எழுதிக்கிடுங்க" என்றார். எழுதிக்கொண்டார்கள்.

பதினொன்று நாற்பத்தாறு. இந்த மண்ணில், வெறுங்காலில், முழு மூவாயிரத்துக்கும் ஆகிற நேரம் அது. ஒரு நொடி அவளுக்குப் புரியவில்லை, அப்புறம் புரிந்தது, கால் வழியாய் ஏறினது மாதிரி மெதுவாய். கல் ஒன்று கையில் கூடுதலாய் இருக்கிறது. எங்கேயோ ஒரு தடவை போடாமல் விட்டிருக்கிறாள். எப்போது? அப்பா தூக்கினாரே, கோலி இறங்கிச்சே, புழுதி, அந்தக் கால்கள் தடதடவென்று போயினவே, அந்தக் கால்களா? அது இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின கால்கள் இல்லையா? இன்றைக்குப் போன கால்களா? ஆக மணி சரியாய் விழுந்திருக்கிறது. ஒரு சுற்றுக் கூட முன்னால் இல்லை, பின்னால் இல்லை. பழி வாங்கக்கூட ஒழுங்காய் எண்ணத் தெரியாத முண்டம் என்று தன்னையே ஏசினாள். மஞ்சள் சேலைக்காரி உள்ளே நுழைந்துவிட்டாள், பிள்ளையை மடியில் போட்டு முந்தானையால் விரலில் ஒட்டின மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தவசிமுத்து சார் மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தார். பிள்ளையிடம் போகாமல் முதலில் இங்கே வந்தார். தொப்பியைக் கழற்றியிருந்தார், தலையில் முடியே இல்லை.

"ஏம்மா கனி, நல்ல வேளை. எனக்குக் காலைல இருந்து ஒரே பயம்."

"எதுக்கு சார்?"

"மணிக்குத்தான். அருள்ராஜ் வேற யாரையோ போட்டிருந்தாரு. நாந்தான் சண்டை போட்டு, கனியைப் போடுங்க, இல்லன்னா என் பிள்ளையை ஓட விட மாட்டேன்னேன். மணி தப்பா விழுந்தா என்ன ஆகும்னு இந்த மண்டலத்துல தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான். உன் கைல தப்பு வராது."

அவள் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். கல் வேர்வையில் வழுக்கியது. கேட்காதே என்றுதான் நினைத்தாள், வாய் கேட்டுவிட்டது.

"அன்னைக்கு எப்படி சார் விட்டீங்க?"

 அவர் தட்டின் நெளிசலை விரலால் தடவினார். "தெரிஞ்சா சொல்லாம இருப்பனாம்மா. அந்த அரைச் சுத்தை எண்ணுனனா, இல்ல நடுவுல எங்கயாச்சும் ஒண்ணைக் கூட்டிட்டனா, தெரியல. ஏதோ நெனப்புல இருந்திருக்கேன். என்ன நெனப்புன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், வரவே மாட்டேங்கு. உன்ட்ட வந்து என்னன்னு சொல்ல? அதான் சொல்லல." அவ்வளவு சொல்லிவிட்டுத் தொப்பியை மறுபடி வைத்துக்கொண்டு தன் பிள்ளையைப் பார்க்கப் போனார்.

பொய் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். நினைத்துப் பார்த்தாள், அந்த நினைப்பு நிற்கவில்லை. மறுபடி பிடித்து நிறுத்தினாள். இருபத்திரண்டு வருஷம் கூடவே வந்த ஒன்றை இப்படிப் பட்டப்பகலில் வந்து பிடுங்கிக்கொண்டு போகிறானே இந்த மனுஷன் என்று அவர் முதுகைப் பார்த்து ஆத்திரம் பொங்கியது, முன்னைவிட அதிகமாய். அவர் உன் கைல தப்பு வராது என்று சொன்ன அந்தக் கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மேடையிலிருந்து அருள்ராஜ் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். "கனி டீச்சர், அடுத்து பசங்க மூவாயிரம். நீங்களே நில்லுங்க, கரெக்டா அடிச்சீங்க." எதிர்ப்பக்கத்தில் பையன்கள் ஏற்கனவே கோட்டில் வந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். சண்முகக்கனி கையை முன்னால் கொண்டுவந்து திறந்து பார்த்தாள். ஒன்று இருந்தது. குனிந்து, காலடியில் கிடந்ததில் இன்னும் ஆறைப் பொறுக்க ஆரம்பித்தாள்.